காது முறை

டொராண்டோ
25 செப்டம்பர் 1920, சனி

அன்புத் தம்பி லோர்னுக்கு,

நேற்று பிளாட்பாரத்தில் உன்னை மூன்று தடவை கூப்பிட்டேன். கம்பளிக் காலுறைப் பொட்டலத்தை என் கையிலேயே விட்டுவிட்டுப் போகிறாயே என்று முதல் தடவை. அடுத்த தடவை கொஞ்சம் பலமாகவே கூப்பிட்டேன், தூரத்தில் நின்ற பாதிரியார் ஒருவர்கூடத் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை கத்தினேன். அப்படிக் கத்தியதற்கு எனக்கே வெட்கமாக இருந்தது. நீ என்னிடமிருந்து பத்தடி தூரத்தில் ஓவியர் கில்கிறிஸ்டின் வர்ணப்பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாய். திரும்பவே இல்லை.

டிராம் ஏறும்வரை எனக்குக் கோபம்தான். பெரிய ஓவியரோடு காட்டுக்குப் போகிறான், துரைக்கு இனி அக்கா கண்ணுக்குத் தெரிய மாட்டாள் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். உட்கார்ந்த பிறகுதான் வேறு மாதிரி நினைப்பு ஓடியது. பாதிரியாருக்குக் கேட்டது உனக்கு ஏன் கேட்கவில்லை?

ஆகஸ்டில் ஒருநாள் கெட்டில் கூவிக் கூவித் தண்ணீரெல்லாம் அடுப்பில் கொட்டியது. நீ பக்கத்திலேயே உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாய். யோசனையில் இருந்தேன் என்றாய், நானும் நம்பினேன். என்னிடம் பியானோ படிக்க வரும் அந்த ஹாலிடே என்பவர் வீட்டுப் பெண் தப்பாக வாசித்தால் முன்பெல்லாம் மாடியிலிருந்து முனகுவாய். இந்த வருஷம் ஒரு முனகல்கூட இல்லை. அவள் தேறிவிட்டாள் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். நேற்று சாயங்காலம் அவள் வந்தாள். தேறவில்லை.

பிரான்சில் குண்டு வெடித்து உன் இடது காது போனது எனக்குத் தெரியும். வலது காது நன்றாக இருக்கிறது என்று நீதான் சொன்னாய். நன்றாக இருக்கிறதா?

காலுறைகளைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

அக்கா
இஸபெல்


மைல் 97, அல்கோமா
29 செப்டம்பர், புதன்

அன்புள்ள அக்கா,

பிளாட்பாரத்தில் நாலு என்ஜின் ஒரே நேரத்தில் நீராவி விட்டால் யாருக்குத்தான் காது கேட்கும்? பாதிரியாருக்கு வேறு வேலை இல்லை, அதனால் கேட்டிருக்கும். நீ வீணாக மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன், கேள். வீடு என்பது ஒரு பழைய சரக்குப் பெட்டி. ரயில்காரர்கள் சிவப்புச் சாயம் அடித்து, ஒரு பக்கம் ஜன்னல் வெட்டி, அடுப்பும் இரண்டு படுக்கையும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சரக்கு ரயிலின் வாலில் கோத்து இங்கே இழுத்து வந்து, கிளைத் தண்டவாளத்தில் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். நாங்கள் கேட்கும் நாளில் வந்து கோத்துக்கொண்டு போவார்கள். பயணிகள் ரயில் செவ்வாய், வியாழன், சனி வடக்கே போகும். திங்கள், புதன், வெள்ளி தெற்கே வரும். தபாலும் அதில்தான். மற்ற நேரமெல்லாம் எங்கள் இரண்டு பேரையும் எலிகளையும் தவிர யாரும் இல்லை. இரண்டு மைல் தள்ளி, தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்ளும் கேங் மேஸ்திரி கொஸ்கெலாவின் குடிசை இருக்கிறது. பின்லாந்துக்காரன். மனைவி, நாலு குழந்தைகள். மீசையும் மப்ளரும் பைப்பும்தான் தெரியும். முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

கையால் நெம்பி ஓட்டும் டிராலி ஒன்றையும் எங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். காலையில் பன்றி இறைச்சியும் பீன்ஸும் தின்றுவிட்டு அதில் ஏறி எங்கே வேண்டுமானாலும் போகலாம். இங்கிருந்து ஐந்தாவது மைலில் ஒரு கட்டைப் பாலம், நூற்று முப்பதடி உயரம். அதன் நடுவில் நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் மேப்பிள் சிவப்பு. கில்கிறிஸ்ட் சின்னப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்லீப்பர் கட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார். வரையும்போது தேவாலயப் பாட்டாகப் பாடித் தள்ளுகிறார். பக்கத்தில் மலையே சரிந்தாலும் அவருக்குத் தெரியாது.

அதனால் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். ஒருவர் வரைய, இன்னொருவர் ரயிலுக்குக் காது கொடுக்க வேண்டும். மணிக்கொருதரம் மாற்றிக்கொள்வோம். இதற்குக் காது முறை என்று பெயர். "தம்பி, உன் காது முறை" என்பார், நான் தூரிகையைக் கீழே வைப்பேன்.

காலுறை வந்து சேர்ந்தது. கேக் இல்லையா?

லோர்ன்


டொராண்டோ
3 அக்டோபர், ஞாயிறு

லோர்ன்,

கேக் வேண்டுமாம் கேக்.

உன் பழுப்புக் கோட்டின் உள்தையல் விட்டிருந்தது. தைக்கலாம் என்று எடுத்தேன். துணிக்கும் உள்துணிக்கும் நடுவில் நாலாக மடித்த காகிதம் ஒன்று. ராணுவ மருத்துவமனை டாக்டர் ஜூனில் எழுதியது. இடது காது அறவே இல்லை. வலது காதில் நான்கில் ஒரு பங்குதான் மிச்சம், அதுவும் தேய்ந்துகொண்டே போகிறது, அடுத்த வருஷத்துக்குள் முழுதும் போய்விடும். படித்துவிட்டு ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே மதியம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஜூன், ஜூலை, ஆகஸ்டு. மூன்று மாதமாக என் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, உதட்டைப் பார்த்துப் பேசியிருக்கிறாய். நான் அடுப்புப் பக்கம் திரும்பிப் பேசும்போதெல்லாம் பதிலே வராது. பிடிவாதக்காரன் என்று நினைத்தேன்.

அப்படிப்பட்ட நீ நூற்று முப்பதடி உயரப் பாலத்தில் உட்கார்ந்து ரயிலுக்குக் காது கொடுக்கிறாய்! அதுவும் உனக்கு மட்டுமல்ல. உன்னை நம்பி ஒரு மனுஷர் முதுகைக் காட்டி உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார். உன் கடிதத்தை முதலில் படித்தபோது சிரித்தேன். இப்போது மறுபடி எடுத்துப் படித்தால் சிரிப்பு வரவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த நாளே கில்கிறிஸ்டிடம் சொல்லிவிடு. அவர் நல்லவர் என்று உன் கடிதத்திலிருந்தே தெரிகிறது.

இஸபெல்


மைல் 97
8 அக்டோபர், வெள்ளி

அக்கா,

என் கோட்டைக் கிழித்துப் பார்க்க உன்னை யார் கேட்டது?

சரி. தையல் விட்டிருந்தது, நம்புகிறேன். காகிதத்தில் இருப்பதும் உண்மைதான். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அழுவாய், பிறகு எல்லோரிடமும் சத்தமாகப் பேசச் சொல்வாய். அதை என்னால் தாங்க முடியாது.

கில்கிறிஸ்டிடம் சொல்ல முடியாது. ஏன் என்று கேள். இந்தப் பெட்டி கிடைப்பதற்கு ரயில்காரர்களிடம் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டோம். கண்ணும் காதும் குறையில்லாதவர்கள் என்று அதில் இருக்கிறது. டிராலி கொடுப்பதாலேயே அப்படிக் கேட்கிறார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். சொன்னால் மறுநாளே என்னை ரயிலில் ஏற்றிவிடுவார்கள். திரும்பி வந்து என்ன செய்வது? அச்சுப் பட்டறையில் ஃபோர்மேன் சொன்னது காதில் விழாமல் தப்பான அச்சுத் தகட்டை அமிலத்தில் அரித்தேன், வெளியே அனுப்பினார்கள். இனி எனக்கு வரைவது ஒன்றுதான். வரைவதற்குக் காது வேண்டாம். வசந்தத்தில் கண்காட்சிச் சுவரில் எனக்கு ஆறு படத்துக்கு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார் கில்கிறிஸ்ட். எல்லாம் இங்கே வரைந்தவையாக இருக்க வேண்டும். இந்த மூன்று வாரம் போனால் அந்தச் சுவரும் போனது.

நீ நினைப்பதுபோல் நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. என் முறை வரும்போது தண்டவாளத்தில் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறேன். ரயில் இரண்டு மைலுக்கு அப்பால் வரும்போதே இரும்பு அதிரும். கையில் புழு ஊர்கிற மாதிரி இருக்கும். முந்தாநாள் சரக்கு ரயிலை கில்கிறிஸ்டுக்கு முன்னால் நான் கண்டுபிடித்தேன். "உனக்கு நாய்க் காதுடா" என்றார்.

அவர் அதைச் சொன்னபோது பயமாக இருந்தது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். கை வைத்திருக்கும் நேரம் முழுவதும் எனக்கு வியர்க்கிறது, இந்தக் குளிரிலும். முன்பு காடு என்றால் காற்றும் தண்ணீரும் அணிலும் கேட்கும். இப்போது கண்ணாடிக்கு வெளியே காடு அசைவதுபோல இருக்கிறது. பின்னால் எது வந்து நின்றாலும் எனக்குத் தெரியாது. அடிக்கொருதரம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். "என்ன தம்பி, கரடிக்கு பயமா?" என்று கேலி செய்கிறார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று எழுது. கெஞ்சிக் கேட்கிறேன்.

லோர்ன்


டொராண்டோ
11 அக்டோபர், திங்கள்

லோர்ன்,

நேற்று தேவாலயத்துக்குப் போகவில்லை. காது இரண்டிலும் மெழுகை உருட்டி வைத்து, மேலே பஞ்சைத் திணித்து, தலையில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு யங் தெருவில் இறங்கி நடந்தேன். உனக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

முதல் ஐந்து நிமிஷம் வேடிக்கையாகக்கூட இருந்தது. தெருவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். பாதி தூரம் போனதும் யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் என் மூக்குக்கு நேரே குதிரையின் மூச்சு. பால் வண்டி. வண்டிக்காரன் வாயைத் திறந்து திறந்து மூடினான், சிவந்துபோன முகத்தோடு. என்ன திட்டினான் என்று தெரியவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையை ஆட்டினேன். ஆமாம், ஆமாம் என்று.

வீட்டுக்கு வந்து மெழுகை எடுத்தேன். நீயும் இப்படித்தான் தலையாட்டுகிறாய். மூன்று மாதமாகப் பார்த்திருக்கிறேன்.

உன் படம் பெரிதுதான், அந்தச் சுவரும் பெரிதுதான். எனக்கு இருப்பது ஒரே தம்பி. கில்கிறிஸ்டுக்கும் வீட்டில் யாராவது இருப்பார்கள். அவருக்கு இன்று தனியாக ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். டாக்டர் சொன்னதையெல்லாம் எழுதியிருக்கிறேன். நீ என்னோடு பேசாமல் போனாலும் பரவாயில்லை. பேசாமல் இருப்பதற்கு நீ உயிரோடு இருந்தால் சரி.

இஸபெல்


மைல் 97
15 அக்டோபர், வெள்ளி

இஸபெல்,

ரயிலிலிருந்து தபால் பையை வாங்கிக்கொள்வது நான். உனக்கு அது தெரியாது.

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கில்கிறிஸ்ட் பெயருக்கு வந்திருந்த உறையை எடுத்துக்கொண்டேன். பிரிக்கவில்லை. கிழிக்கவும் மனம் வரவில்லை. வர்ணம் காயாத ஈரப் பலகைகளைச் செருகி வைக்கும் என் பெட்டியில், ஒரு பலகைக்கும் அடுத்ததற்கும் நடுவில் வைத்திருக்கிறேன்.

இன்னும் பத்தே நாள். நாலு படம் முடிந்துவிட்டது. நாலும் இதுவரை நான் வரைந்ததிலேயே நல்லவை, கில்கிறிஸ்டே சொன்னார். இன்னும் இரண்டு போதும். தயவுசெய்து இனி அவருக்கு எதுவும் எழுதாதே.

தெருவில் அப்படி நடந்ததற்கு உன்னைத் திட்ட வேண்டும். திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

லோ.


மைல் 97
18 அக்டோபர், திங்கள்

அக்கா,

முதலில் ஒன்று. நான் உயிரோடு இருக்கிறேன். கில்கிறிஸ்டும் இருக்கிறார். அதைப் படித்துவிட்டு மீதியைப் படி.

நேற்று ஞாயிறு. ஞாயிறு ரயில் கிடையாது. அதனால் நாள் முழுக்க பாலத்திலேயே இருந்துவிடலாம் என்றார் கில்கிறிஸ்ட். காலையில் அவர் உள்ளே இறைச்சி வறுத்துக்கொண்டிருந்தார், நான் வெளியே டிராலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். கொஸ்கெலா தன் ஆட்களோடு தன் டிராலியில் தெற்கே போனான். ஞாயிற்றுக்கிழமை இவன் ஏன் வேலைக்குப் போகிறான் என்று நினைத்தேன், நினைத்ததோடு விட்டுவிட்டேன். எங்கள் பெட்டிக்கு நேரே வந்ததும் வேகத்தைக் குறைத்து என்னிடம் ஏதோ சொன்னான். வாயில் பைப், மூக்குவரை மப்ளர். கண் மட்டும்தான் தெரிந்தது. அக்கா, நான் தலையை ஆட்டினேன். கையையும் தூக்கிக் காட்டினேன். அவனும் கையைத் தூக்கினான், போய்விட்டான்.

அவன் சொன்னது இதுதான் என்று பிறகுதான் தெரிந்தது. பனிக்காலம் முழுதாக வருவதற்குள் கரை சரிந்த இடத்தில் ஜல்லி கொட்ட வேண்டும், அதற்காக இன்று பன்னிரண்டு மணிக்கு ஒரு தனி ரயில் வருகிறது, பாலத்துப் பக்கம் போகாதீர்கள்.

பதினொன்றரைக்கு என் முறை. கில்கிறிஸ்ட் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பாட ஆரம்பித்தார். பாடுகிறார் என்பது தோள் ஆடுவதிலிருந்து எனக்குத் தெரியும். இரும்பு அத்தனை குளிர், வெறும் கையை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். கையுறை போட்டுக்கொண்டு வைத்தேன். ஞாயிறுதானே. கையுறைக்குள் எதுவும் தெரியவில்லை. எதுவும் தெரியவில்லை என்பதை எதுவும் வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் வர்ணப்பெட்டியின் ஓரத்தில், வர்ணம் கரைக்க டர்பன்டைன் ஊற்றும் சின்னக் கிண்ணம் ஒன்று மாட்டியிருக்கும். அதைத் தற்செயலாகப் பார்த்தேன். கிண்ணத்துக்குள் டர்பன்டைன் நடுங்கிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. வளைவைத் திரும்பிப் பார்த்தேன், மரங்களுக்கு மேலே புகை.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. அவர் காலரைப் பிடித்துத் தூக்கினேன். பாலத்தின் பக்கவாட்டில், தீப்பிடித்தால் அணைக்கத் தண்ணீர்ப் பீப்பாய் வைக்கும் ஒரு சின்ன மேடை உண்டு, இரண்டு பேர் ஒட்டி நிற்கலாம். நாற்பதடி ஓட வேண்டும், ஸ்லீப்பர் கட்டைகளுக்கு நடுவில் நூற்று முப்பதடி வெற்றிடம். அவர் ஏதோ கத்தினார். நான் அவரைத் தள்ளிக்கொண்டே ஓடினேன். பீப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டோம். என்ஜின் எங்களைத் தாண்டிப் போனபோது அதன் சூடு என் கன்னத்தில் பட்டது. சத்தம் மட்டும் இல்லை, வலது காதில் மிச்சமிருந்ததும் அன்றே போனதுபோல ஒன்றுமே இல்லை. டிராலி உடைந்து துண்டு துண்டாக ஆற்றில் விழுவதைப் பார்த்தேன், அதற்கும் சத்தம் இல்லை. முடிக்காத இரண்டு பலகைகளும் என் தூரிகைகளும் அதோடு போயின. உன் கடிதம் இருந்த பெட்டி வீட்டில் இருந்தது.

இனி வருவதுதான் மோசம். ரயில் நின்றது. கொஸ்கெலா ஓடி வந்தான். இந்த முறை மப்ளர் தாடைக்கு இறங்கியிருந்தது, உதடு தெரிந்தது. "காலைலயே சொன்னேனே! இவன்கிட்டதான் சொன்னேன்! தலைய ஆட்டினானே!" கில்கிறிஸ்ட் அவன்மேல் பாய்ந்தார். "பொய் சொல்லாத மேஸ்திரி! எனக்கு முன்னாடி ரயில் வர்றதக் கேட்டவன் இவன். இந்தக் காதாலதான் நான் இப்ப நிக்கிறேன். நீ சொல்லியிருந்தா இவனுக்குக் கேக்காம போயிருக்குமா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "சொல்லு தம்பி, இவன் உன்கிட்ட ஏதாவது சொன்னானா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு எதுவும் கேட்கவில்லை என்றேன். அது உண்மை, பார். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

கில்கிறிஸ்ட் ரயில் அலுவலகத்துக்குப் புகார் எழுதிவிட்டார். எச்சரிக்கை செய்யத் தவறிய மேஸ்திரி என்று. வருகிற செவ்வாய்க்கிழமை, இருபத்தாறாம் தேதி, அதிகாரி வந்து விசாரிப்பாராம். கொஸ்கெலாவின் வேலை போய்விடும் என்கிறார்கள். வேலை போனால் குடிசையும் போகும். பனிக்காலம் வருகிறது.

ஆனால் எங்களுக்குப் புது டிராலி வருகிறது. கில்கிறிஸ்ட் என் தோளைத் தட்டி, "இனிமே மாத்தி மாத்தி வேணாம். காது முறை எப்பவும் உனக்குத்தான். நீ இருந்தா நான் நிம்மதியா வரைவேன்" என்றார். நான் தலையாட்டினேன்.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது.

லோர்ன்


டொராண்டோ
20 அக்டோபர், புதன்

லோர்ன்,

உன் கடிதத்தின் முதல் வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. பிறகு மீதியைப் படித்தேன்.

நீ பயந்துபோயிருக்கிறாய், உன்னை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது அதை எழுத மாட்டேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று சொன்னாயாமே. ஒரு சொல்கூடப் பொய் இல்லையாமே. உன்னை வளர்த்தவள் நான், எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் மரியாதைக்காக நாலு குழந்தைகள் பனியில் நிற்க வேண்டுமா?

என்னால் ரயில் அலுவலகத்துக்குத் தந்தி அடிக்க முடியும். இன்று காலை தபால் நிலையத்தில் படிவத்தை வாங்கி எழுதியும்விட்டேன். அனுப்பவில்லை. நான் சொன்னால் கொஸ்கெலாவின் வேலை மிஞ்சும், நீ மிஞ்ச மாட்டாய். நீயே சொல்ல வேண்டும். சனிக்கிழமை ரயிலில் இது உன் கைக்கு வரும். திங்கள் ரயிலில் எனக்குப் பதில் வர வேண்டும். செவ்வாய் காலைக்குள் வராவிட்டால் அந்தப் படிவம் போய்விடும்.

என்னுடைய அந்தக் கடிதம் இன்னும் இருந்தால் அதை அவரிடம் கொடு. உனக்கு வாய் வராவிட்டாலும் அது பேசும்.

அதுவரை பாலத்துக்குப் போகாதே. காலில் விழுகிறேன்.

இஸபெல்


மைல் 97
24 அக்டோபர், ஞாயிறு

அன்புள்ள அக்கா,

தந்தி வேண்டாம். சொல்லிவிட்டேன்.

புது டிராலி நேற்றைய ரயிலில் உன் கடிதத்தோடு வந்து இறங்கியது. கில்கிறிஸ்டுக்குக் கை பரபரவென்று இருந்தது, இன்று காலை பாலத்துக்குப் புறப்பட்டார். வர்ணப்பெட்டியை ஏற்றிவிட்டு, வா என்று கையைக் காட்டினார். என் கால் நகரவில்லை. உள்ளே போய் என் பெட்டியிலிருந்து உன் கடிதத்தை எடுத்து வந்து கொடுத்தேன். ஈரப் பலகையில் ஒட்டி ஒரு பக்கம் முழுக்க மேப்பிள் சிவப்பு ஏறியிருந்தது. பிரித்துப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். பிறகு பெட்டிக்குள் ஏறி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நானும் பின்னாலேயே ஏறி நின்றேன்.

அவர் தோள் அசைந்தது. பாட்டு இல்லை, பேசுகிறார். வெகுநேரம் பேசினார், கையைக்கூட ஆட்டினார். எனக்கு முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் போதும், பாதி முடிந்துவிடும் என்று தோன்றியது. பழக்கம்.

"எனக்குக் கேட்கவில்லை" என்றேன். அக்கா, எதையும் ஒளிக்காமல் அதைச் சத்தமாகச் சொன்னது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவர் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது. கிட்டே வந்து, தன் உதடு எனக்குத் தெரியும்படி நேரே நின்று, முதலிலிருந்து சொன்னார். "மூணு வாரம் உனக்கு முதுகக் காட்டி உக்காந்திருந்தேன்டா. பாட்டுப் பாடிக்கிட்டு. என் பொண்ணுக்கு அடுத்த மாசம் கல்யாணம்." அப்புறம், "அந்த ஆளப் பொய்யன்னு சொல்ல வச்சிட்டியே என்னை" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு பேரும் தண்டவாளத்தை ஒட்டி நடந்தே கொஸ்கெலாவின் குடிசைக்குப் போனோம். வழியெல்லாம் கில்கிறிஸ்ட் எனக்குப் பின்னால் வந்தார், நான் எத்தனை தடவை திரும்பிப் பார்க்கிறேன் என்று பார்த்திருப்பார். நான் சொன்னேன். கொஸ்கெலா பைப்பை வாயிலிருந்து எடுத்து, மப்ளரைக் கழற்றினான். அவன் முகத்தை அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன், என்னைவிடப் பத்து வயதுதான் மூத்தவன். "ஒரு வாரமா நான் தூங்கல. சொன்னேனா, சொல்றதா நெனச்சுக்கிட்டேனான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு" என்றான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. அவன் மனைவி கதவை மூடிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை அதிகாரியிடம் நானே சொல்லப்போகிறேன். கில்கிறிஸ்ட் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பெட்டியைப் புதன்கிழமை சரக்கு ரயிலில் கோத்துவிடுவார்கள், இரண்டு பேரும் திரும்புகிறோம். சுவரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. என்னிடம் நாலு பலகை இருக்கிறது. சாயங்காலம் அவற்றை வரிசையாக வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது தன் பெட்டியை நகர்த்தி எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். சாப்பாட்டில் உப்பு இல்லை என்றார். அவ்வளவுதான் பேசினார்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வந்து சேருவேன். நீ வந்தால் பிளாட்பாரத்தில் என்னைக் கூப்பிடாதே, அக்கா. நான் பார்க்கும்படி நில்.

லோர்ன்